கரையேறிய ஒரு நாள்



கடற்பயணம் செய்வோர்க்கு இருவகை நாள்கள் உண்டு. ஒன்று நீரின்மேல் கழியும் நாள். மற்றொன்று இடைத்துறையில் இறங்கிக் கரைமேல் கழிக்கும் நாள். முன்னது எல்லாப் பயணிகட்கும் ஏறத்தாழ ஒன்றுபோலவே அமையும். வானமும் கடலும் ஆளுக்கொரு முகம் காட்டுவதில்லை. பின்னதோ அவரவர் கல்விக்கும் உள்ளத்திற்கும் ஏற்ப வேறுபடும். காலையில் ஒரே படிவழி இறங்கியவர்கள், மாலையில் அதே படிவழி ஏறும்போது ஒரே ஊரைக் கண்டு திரும்பினார்கள் என்று சொல்வதற்கில்லை.

அத்தகைய ஒரு நாளைப் பற்றி இன்று உங்களோடு பேச விழைகிறேன். எட்டு மணி நேரத்தில் ஓர் ஊரை அறிதல் இயலுமா? இயலுமாயின் அதற்கு நாம் செய்துகொள்ள வேண்டிய ஆயத்தம் யாது? நம்மை வரவேற்ற அவ்வூரார்க்கு நாம் பட்ட கடன் யாது? இம்மூன்று வினாக்களே என் பேச்சின் பொருள்.

நம் முன்னோர் கப்பலேறியது பெரும்பாலும் காட்சி காண்பதற்காக அன்று. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு, சிங்கப்பூர்த் துறைகளுக்குச் சென்ற ‘ரஜூலா’ என்னும் கப்பலைப் பற்றி உங்கள் இல்லத்து முதியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1926-ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரில் கட்டப்பட்ட அக்கப்பல் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் வங்கக் கடலைக் கடந்து தமிழரை ஏற்றிச் சென்றது. கப்பல் தளத்தில் பாய் விரித்துப் படுத்துச் சென்றவர்களே அதில் பெரும்பாலோர். பினாங்குத் துறையை அடைந்தும் உடனே ஊருக்குள் நுழைய இயலாமல், தொற்றுநோய்க் காப்புக்காகப் புலாவ் ஜெரெஜாக் என்னும் தீவில் தங்கவைக்கப்பட்டவர் பலர். பின்னாளில் ‘சிதம்பரம்’ என்னும் கப்பல் அவ்வழியில் ஓடியது. 1985-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அதில் தீப்பற்றியதோடு அதன் பயணமும் முடிவுற்றது. அப்பயணிகட்குக் கரை என்றால் பிழைப்பு. தோட்டத்திலோ கடையிலோ வேலை கிடைக்குமா என்னும் கவலையோடு அவர்கள் கால் பதித்தார்கள். பொழுதுபோக்குக்காக ஒரு நாள் கரையிறங்கும் பேறு நம் காலத்தார்க்கு வாய்த்தது. வாய்த்த பேற்றை எவ்வாறு பயன்படுத்துகிறோம் என்பதே கேள்வி.

2023-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்கு உல்லாசக் கப்பல் பயணம் தொடங்கப்பெற்றது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய மூன்று துறைகளையும் தொட்டு வரும் பயணம் அது. பணி ஓய்வு பெற்றுப் பண்ருட்டியில் அமைந்திருந்த என்னை, என் மகள் வற்புறுத்தி அத்தகைய பயணமொன்றில் அழைத்துச் சென்றாள். கப்பலில் நீச்சற்குளம் உண்டு. ஆடல் பாடல் உண்டு. வேளை தவறாத விருந்தும் உண்டு. அவற்றை விரித்துரைக்க நான் வரவில்லை. திருகோணமலையில் கரையிறங்கிய ஒரு நாளை மட்டும் சொல்கிறேன்.

முதலில் நிலப்படத்தை விரித்துப் பாருங்கள். கடலூரிலிருந்து கன்னியாகுமரி நேர்கோட்டில் ஏறத்தாழ 470 கிலோமீட்டர். கடலூரிலிருந்து திருகோணமலையோ ஏறத்தாழ 400 கிலோமீட்டர்தான். அயல்நாடு என்று நாம் கருதும் ஊர் நம் மாநிலத்தின் தென்முனையைவிட நமக்கு அண்மையில் உள்ளது! பாஸ்போர்ட் என்னும் கடவுச்சீட்டு வேறு; கடலின் கணக்கு வேறு.

இனிப் பருவத்தைப் பாருங்கள். தென்மேற்குப் பருவக்காற்று இலங்கையின் மேற்குக் கரையிலும் நடுமலைகளிலும் மழையைப் பொழிந்துவிட்டு, கிழக்குக் கரையை வறண்ட காற்றாகவே அடைகிறது. ஆதலால் மே முதல் செப்டம்பர் வரை திருகோணமலைக் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். அதே மாதங்களில் நம் கடலூர்க் கரையும் மழைக்காக வடகிழக்குப் பருவத்தை எதிர்நோக்கியிருப்பதை எண்ணிப் பாருங்கள். இரு கரைகளும் ஒரே வானத்தின் குடிகள்.

கப்பல் திருகோணமலையை நெருங்கும்போது தளத்தில் நின்று பார்த்தேன். மலைமுனைகள் இருபுறமும் கைநீட்டி அணைக்க, நடுவே ஆழ்ந்த நீர் அசையாமல் கிடந்தது. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று இது என்று அறிஞர் கூறுவர். இலங்கையின் நீண்ட ஆறாகிய மகாவலி இதனை அடுத்த கொட்டியார்க் குடாவில் கலக்கிறது. கடலடியில் ஆழமான பள்ளத்தாக்கு ஒன்று கரைக்கு மிக அருகிலேயே தொடங்கி வெளியே செல்கிறது. பெருங்கப்பல்கள் அஞ்சாது உள்நுழைவதற்கும், பருவக்காலங்களில் நீலத்திமிங்கிலங்கள் கரைக்கு அண்மையில் தோன்றுவதற்கும் இவ்வாழம் ஒரு காரணமாகும்.

ஆழ்ந்த துறை எதுவோ அதனை ஆள விழையும் அரசுகளும் பல. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் ஆகிய நால்வரும் மாறி மாறி இத்துறையைக் கைப்பற்றினர். இவ்வரலாற்றில் நம் கடலூருக்கும் ஒரு பங்கு உண்டு. 1782-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதக் கடைசியில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சஃப்ரேன் திருகோணமலையை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றினார். அதனைக் காக்க விரைந்த ஆங்கிலக் கடற்படைத் தலைவர் ஹியூஸ் இரண்டு மூன்று நாள் பிந்தி வந்து, கோட்டையின்மேல் பிரெஞ்சுக் கொடி பறப்பதைக் கண்டார். மறு ஆண்டு ஆங்கிலேயர் கடலூரை முற்றுகையிட்டபோது, அதே சஃப்ரேன் திருகோணமலையிலிருந்து பாய்விரித்து வந்து 1783 ஜூன் 20-ஆம் நாள் கடலூர்க் கடலில் ஹியூஸோடு பொருதார். இதில் நெஞ்சை வருத்தும் செய்தி ஒன்றுண்டு. இரு நாடுகளுக்கும் இடையே அமைதிக்கான முன்னுடன்பாடு அவ்வாண்டு ஜனவரி 20-ஆம் நாளே ஐரோப்பாவில் கையெழுத்தாகிவிட்டது. செய்தி கடல் கடந்து வந்து சேர ஐந்து மாதங்களுக்கு மேல் ஆயிற்று. அதற்குள் நம் கடலில் பல உயிர்கள் வீணே மடிந்தன. தேவனாம்பட்டினக் கரையில் மாலைப் பொழுதில் உலவும் மாணவர்கள் இதனை ஒருமுறையேனும் நினைத்ததுண்டா?

இவ்வரலாற்றை நான் கரையிறங்கிய பின் கற்கவில்லை. புறப்படுவதற்கு முன்னரே படித்துச் சென்றேன். படித்திராவிடில் அத்துறைமுகம் எனக்கு அழகிய நீர்ப்பரப்பாக மட்டுமே தோன்றியிருக்கும். என் முதல் வினாவுக்கும் இரண்டாம் வினாவுக்கும் விடை இங்கேயே கிடைக்கிறது. கரையில் கழிக்கும் ஒரு நாள், கரைக்கு வருமுன் கற்ற நாள்களின் அளவிற்கே நீளும்.

துறையை விட்டு வெளியேறிக் கோணேசர் மலைக்குச் சென்றோம். ஏறத்தாழ 100 மீட்டர் உயரமுள்ள செங்குத்தான பாறை, அதன் உச்சியில் கோயில், கீழே கடல். கோயிலுக்குச் செல்லும் வழி பிரெடெரிக் கோட்டையின் வாயிலூடே செல்கிறது. 1620-களில் போர்த்துக்கேயர் இங்கிருந்த பழங்கோயிலை இடித்து, அதன் கற்களையே கொண்டு கோட்டை கட்டினர். கோட்டைவாயிலில் பாண்டியரின் இணைக்கயற் சின்னம் பொறித்த கல்லொன்றை இன்றும் காணலாம். கோட்டைக்குள் புள்ளிமான்கள் ஆட்டுமந்தைபோல் அச்சமின்றித் திரிகின்றன. படைவீரர் தங்குமிடமும் அதற்குள்ளேயே உள்ளது.

இடிந்த கோயில் மறைந்தொழியவில்லை. 1950-ஆம் ஆண்டில் அண்மையில் கிணறு தோண்டியபோது பழைய செப்புத் திருமேனிகள் சில வெளிப்பட்டன. 1956-ஆம் ஆண்டில் அறிவியற் புனைகதை ஆசிரியர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் பாறையடிக் கடலில் மூழ்கி, அங்கே சிதறிக் கிடந்த கற்றூண்களையும் செதுக்கிய கற்களையும் கண்டனர். ஊரார் முயன்று கோயிலை மீண்டும் எழுப்பி 1963-இல் குடமுழுக்குச் செய்தனர். மூன்று நூற்றாண்டுக்கு மேலாகியும் மறவாத நினைவை என்னென்று புகழ்வது!

சமயக் குரவருள் ஒருவராகிய திருஞானசம்பந்தர் இத்தலத்தின்மேல் பதிகம் பாடியுள்ளார். அவர் இராமேசுவரத்தில் நின்றவாறே கடலுக்கு அப்பாலுள்ள இத்தலத்தை நினைந்து பாடினார் என்பது மரபு. ஒரு நாள்கூடக் கரையிறங்காதவர் பாடிய பாட்டு அவ்வூரோடு ஒன்றிவிட்டது. கால் பதித்தும் ஊரைக் காணாது திரும்புவோர் உண்டு. காலே பதியாமல் கண்டோரும் உண்டு.

கோயில் வாயிலை அடுத்துச் சிறு கடைகள் வரிசையாக இருந்தன. அங்கே ஒரு மூதாட்டியார் வறுத்த நிலக்கடலையைக் காகிதச் சுருளில் இட்டு விற்றுக்கொண்டிருந்தார்.

“கச்சான் வாங்குங்க ஐயா. எங்கயிருந்து வாறீங்க?” என்றார்.

“பண்ருட்டியிலிருந்து வருகிறோம் அம்மா. இதனை எங்கள் ஊரில் மணிலாக்கொட்டை என்போம்” என்றேன்.

அவர் அச்சொல்லை இரண்டு முறை தம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துச் சிரித்தார். “கடலை என்டும் சொல்லுவினம், கச்சான் என்டும் சொல்லுவினம். மணிலா என்டு இண்டைக்குத்தான் கேட்டனான்” என்றார். வறண்டு வீசும் மேல்காற்றையும் அவ்வூரார் கச்சான் என்றே வழங்குகின்றனர். ஒரு மொழி, ஒரு பயறு, இரு பெயர். பல்லாண்டுகள் இலக்கணம் கற்பித்த எனக்கு அக்காகிதச் சுருள் ஒரு பாடநூலாயிற்று. அவ்வம்மையாரோடு பேசக் கால் மணி நேரம் செலவாயிற்று. எங்களோடு வந்தவர்கள் அதற்குள் நான்கு இடங்களில் நின்று படம் எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டனர்.

அங்கிருந்து கன்னியா வெந்நீர்க் கிணறுகளைக் கண்டோம். அருகருகே ஏழு சிறு கிணறுகள். ஒன்றின் வெம்மை மற்றொன்றின் வெம்மையோடு ஒவ்வாது. இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காகத் தோண்டியவை என்பது கதை. மழைநீர் பாறைப் பிளவுகளின் வழியே ஆழத்தில் இறங்கி, நிலத்தின் உள்வெப்பத்தால் சூடேறி, மீண்டும் மேலே வருகிறது என்பது அறிவியல். இரண்டையும் கேட்டு, இரண்டிற்கும் உரிய இடத்தில் இரண்டையும் வைத்துக்கொள்ளத் தெரிந்தவனே நல்ல மாணவன்.

நண்பகலுக்குப் பின் நிலாவெளிக் கடற்கரையை அடைந்தோம். திருகோணமலைக்கு வடக்கே நீண்டு கிடக்கும் வெண்மணற்கரை அது. விடுதிகள் பல உள்ளன. அக்கரைக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் அப்பால் கடலில் புறாத்தீவு தெரிகிறது. மாடப்புறாக்கள் வாழ்வதால் அப்பெயர். 2003-ஆம் ஆண்டில் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றது. அதனைச் சூழ்ந்த ஆழமற்ற நீரில் பவளப்பாறைகள் உள்ளன. பவளம் கல்லன்று, உயிர். நுண்ணிய உயிர்கள் கூடிக் கட்டும் வீடு அது. திரண்டு வளரும் பவளவகை ஓராண்டில் ஒரு சென்டிமீட்டர் அளவே வளரும். அதன்மேல் ஒருவர் கால் ஊன்றி ஒரு நொடி நின்றால், பல ஆண்டு உழைப்பு முறிந்து போகும். நீந்தச் செல்வோர் மிதந்து பார்க்கலாம். மிதித்துப் பார்த்தல் ஆகாது. ஒரு நாள் விருந்தினர் ஒரு நூற்றாண்டுச் செல்வத்தை அழிக்க வல்லவர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இளையோர் தீவுக்குப் படகேற, நான் கரையிலேயே தங்கினேன். அங்கே கரைவலை இழுத்துக்கொண்டிருந்தனர். படகில் வலையைக் கொண்டுபோய் அரைவட்டமாக இட்டு, இரு முனைக் கயிறுகளையும் கரையில் நின்று பலர் சேர்ந்து இழுப்பது அம்முறை. நம் கரையிலும் இவ்வலைக்குக் கரைவலை என்றே பெயர். கயிற்றைப் பற்றியிருந்த ஒருவரிடம் நம் தேவனாம்பட்டினத்தைப் பற்றிச் சொன்னேன். “உங்கட பக்கமும் அண்டைக்குக் கடல் வந்ததோ?” என்று அவர் கேட்டார். எந்த நாள் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டுவதும் இல்லை. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை இலங்கையில் 30,000-க்கும் மேற்பட்டோரைக் கொண்டது. அதே அலை அதே காலைப் பொழுதில் கடலூர் மாவட்டத்துக் குப்பங்களிலும் புகுந்தது. “வந்தது ஐயா” என்றேன். இருவரும் சற்று நேரம் பேசாதிருந்தோம். 1983 முதல் 2009 வரை நீடித்த போரையும், நடுவே இப்பேரலையையும் தாங்கிய கரை அது. விடுதியின் வெண்ணிறச் சுவர்களை மட்டும் கண்டு திரும்புவோர்க்கு இது தெரிய வழியில்லை.

இனி மூன்றாம் வினாவுக்கு வருகிறேன். துறைக்குத் திரும்பும் வழியில் எங்களை ஏற்றிவந்த ஆட்டோ ஓட்டுநரிடம், கப்பல் வருவதால் ஊருக்கு ஆதாயம் உண்டா என்று வினவினேன். அவர் தயங்கிப் பின் சொன்னார்: “ஆதாயம் இருக்கு ஐயா, இல்லையென்டு சொல்ல ஏலாது. ஆனா காலைச் சாப்பாடும் கப்பலில, இராச் சாப்பாடும் கப்பலில, படுக்கையும் கப்பலில. பஸ்ஸில வந்து பஸ்ஸில போறவையிட்ட எங்களுக்கு என்ன கிடைக்கும்?”

எளிய கணக்கு இது; ஆயினும் உலகெங்கும் பொருந்துவது. உல்லாசக் கப்பல் என்பது மிதக்கும் விடுதி. பயணி தன் செலவின் பெரும்பகுதியைக் கப்பலேறுமுன்னரே செலுத்திவிடுகிறான். கரையூர்க்குக் கிடைப்பவை துறைக் கட்டணமும் வண்டி வாடகையும் சில்லறை வாணிகமுமே. கூட்டமும் குப்பையுமோ முழுமையாகக் கிடைக்கின்றன. இத்தாலியிலுள்ள வெனிஸ் நகரம் இதனால் தொல்லையுற, 2021-ஆம் ஆண்டு முதல் பெருங்கப்பல்கள் நகரின் நடுவே செல்லும் கால்வாயில் நுழைவதை அந்நாட்டு அரசு தடைசெய்தது. கப்பலே வேண்டா என்பது என் கருத்தன்று. கப்பல் வருவது நன்று. அதில் வருவோர் நடந்துகொள்ளும் முறையில் நன்மையும் தீமையும் உள்ளன. ஒரு வேளைச் சோற்றைக் கரையில் உண்க. ஊரார் வண்டியில் ஏறுக. வாங்கும் பொருளை ஊரார் செய்த பொருளாக வாங்குக. விலையில் ஐந்துக்கும் பத்துக்கும் வாதாடி வென்றதாக மகிழாதிருங்கள். நாங்கள் அன்று நண்பகலில் சிறிய உணவுக்கடை ஒன்றில் சோறும் மீன்குழம்பும் உண்டோம். கப்பலில் விருந்து காத்திருந்தது உண்மைதான். அக்கடைக்காரர் காத்திருந்ததும் உண்மைதானே?

மாணவர்களே! இதுவரை நம்மை விருந்தினராகவே வைத்துப் பேசினேன். நாமும் ஒரு கரை என்பதை மறவாதீர்கள். 2025-ஆம் ஆண்டு ஜூலையில் நம் அண்டை நகராகிய புதுச்சேரிக்கு அப்பால் உல்லாசக் கப்பல் நங்கூரமிட, பயணிகள் சிறு படகுகளில் கரைக்கு வந்து ஊரைக் கண்டு திரும்பினர். சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்திற்கு நாள்தோறும் விருந்தினர் வருகின்றனர். ஆயிரம் ஹெக்டேருக்கு மேற்பட்ட அச்சதுப்பு நிலக்காடு 2022-ஆம் ஆண்டில் ராம்சர் உடன்படிக்கையின்கீழ் உலக மதிப்புடைய ஈரநிலமாக ஏற்கப்பெற்றது. பேரலையின் வேகத்தைத் தணித்துத் தன் பின்னிருந்த சிற்றூர்களைக் காத்த காடு அது. அங்கு வளரும் தில்லை மரத்தின் பெயரே சிதம்பரத்தின் பழம்பெயர். படகேறி ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு நெகிழிப் புட்டியை நீரில் எறிந்து செல்வோரைக் கண்டு நாம் எவ்வளவு வருந்துகிறோம்! அவ்வருத்தமே நாம் பிற ஊர்க்குச் செல்லும்போது நமக்கு ஆசிரியனாக வேண்டும்.

கரையேறுவதைப் பற்றி நம் மாவட்டத்தார்க்குப் பிறர் கற்பிக்க வேண்டுவதில்லை. பண்ருட்டியை அடுத்த திருவாமூரிற் பிறந்த திருநாவுக்கரசரைக் கல்லோடு பிணித்துக் கடலில் எறிய, அவர் அக்கல்லையே தெப்பமாகக் கொண்டு கரைசேர்ந்தார் என்பது வரலாறாக வழங்கும் செய்தி. அவர் கரையேறிய இடம் கடலூரில் இன்றும் ‘கரையேறவிட்டகுப்பம்’ என்றே அழைக்கப்படுகிறது. எத்துணை அரிய பெயர்! கரையேறியவரின் பெருமையை மட்டும் கூறாது, ஏற விட்ட கரையின் பெருமையையும் அப்பெயர் சேர்த்துக் கூறுகிறது.

ஆகவே நீங்கள் ஒரு நாள் எத்துறையில் இறங்க நேரினும், அது கொழும்பாயினும் பினாங்காயினும், பள்ளிச் சுற்றுலாவாகச் செல்லும் மாமல்லபுரமே ஆயினும், மூன்று செய்க. செல்லுமுன் அவ்வூரைப் பற்றிச் சில பக்கங்களேனும் படித்துச் செல்க. சென்ற இடத்தில் அவ்வூர்க்காரர் ஒருவரோடு கால் மணி நேரமேனும் அமர்ந்து பேசுக. திரும்பும்போது அவ்வூர் நீங்கள் வந்ததற்காக வருந்தாதபடி திரும்புக. இம்மூன்றும் செய்தவர்க்கு எட்டு மணி நேரம் குறைவன்று. ஓர் ஊரை முழுதும் அறிந்தோம் என்று அவர் சொல்லமாட்டார். அவ்வூரில் தமக்குத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார் என்று சொல்வார். அவ்வளவு போதும்.